கொழும்பில் சுற்றுலா முகாமைத்துவ முதுமாணி: கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்

விரிவுரை முடிந்தது, பரீட்சையும் முடிந்தது, ஆய்வேடு மட்டும் பாக்கி. கொழும்பில் சுற்றுலாத்துறையில் பட்டப்பின் படிப்புக்குப் பதிந்தவர்களிடம் படிப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டால் இந்தப் பதில்தான் அடிக்கடி வரும். நான் ஹோட்டல் ரிசெப்ஷனில் வேலை செய்துகொண்டே படித்து முடித்தவன். வெள்ளவத்தையிலிருந்து என்னோடு சேர்ந்து போய்வந்த நாலு பேரில் இருவரின் பட்டம் இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். படிகளின் ஒழுங்கைத்தான் மாற்றிப் போட்டார்கள்.

பிறகு தம்பி தங்கச்சிமார் பலருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தபோது, எல்லாரும் இடறுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் என்று தெரிந்தது. அந்த இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. விண்ணப்பம் வாங்குவதற்கு முன் ஆய்வுக் கேள்வி

வழக்கமாக நடப்பது இது: முதலில் பல்கலைக்கழகம், பிறகு கட்டணம், பிறகு பாடங்கள், ஒன்றரை வருடம் கழித்து "என்ன தலைப்பு எடுக்கலாம்?" அதற்குள் கையிலிருந்த காசும் களைத்துவிடும், ஆளும் களைத்துவிடுவார்.

ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். எனக்கு எதை அறிய வேண்டும்? அந்தப் பதில் யாரிடம் இருக்கிறது? அவர் எனக்குக் கதவு திறப்பாரா? மூன்றாவது வரிக்கு விடை இல்லையென்றால் முதல் வரியை மாற்றுங்கள்.

"இலங்கைச் சுற்றுலாத்துறையின் பிரச்சினைகளும் தீர்வுகளும்" என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் நாட்டில் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் லொட்ஜில் தங்குவதா, உறவினர் வீட்டில் தங்குவதா என்று எதை வைத்துத் தீர்மானிக்கின்றன?" இடம் உண்டு, மாதம் உண்டு, கேட்க ஆட்கள் உண்டு. அவர்களோடு தமிழில் பேசவும் முடியும். உங்கள் வகுப்பில் பெரும்பாலானோருக்கு வாய்க்காத வசதி அது. நம் பிள்ளைகள் அதை ஒரு குறையாக நினைத்து ஒளித்துவைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும்.

கேள்வி பிறகு மாறலாம், மாறும். ஆனால் அது கையில் இருந்தால் எந்தப் படிப்பு, எந்தத் துறை, எந்த விருப்பப் பாடம் என்ற தீர்மானங்கள் தாமாகவே இலகுவாகும். நேர்முகத் தேர்வில் "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்கும்போதும் சொல்ல ஒரு விடயம் இருக்கும்.

2. எந்தப் படியில் ஏறுகிறீர்கள்

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் படி, குறைந்தது 25 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு). பாடநெறியை மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் படி, 30 கிரெடிட். பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் படி, 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு உரியது.

மூன்றையும் விளம்பரங்களில் ஒரே எழுத்தளவில்தான் போடுவார்கள். கலாநிதிப் பட்டம் வரை போக எண்ணமிருந்தால் 10ஆம் படியைத் தேடுங்கள். ஹோட்டலில் பதவி உயர்வுதான் நோக்கமென்றால் 9 போதும். ஆறு மாதத்தில் கனடா போகும் திட்டத்தோடு 60 கிரெடிட்டில் பதிந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

நுழைவுத் தகுதியிலும் ஒரு குழப்பம் உண்டு. கொள்ளுப்பிட்டியிலுள்ள இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தில் டிப்ளோமா முடித்தவர்கள் நேரே முதுமாணிக்கு வர நினைக்கிறார்கள். தேசிய தொழிற் தகைமை என்ற வேறொரு எண்வரிசையில் 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா அளவிலானவை. 7ஆம் மட்டம்தான் இளமாணிப் பட்டத்துக்குச் சமம். உங்கள் சான்றிதழில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டு விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டுங்கள்.

இன்னொன்று: முதுமாணி எடுத்தால் சுற்றுலா வழிகாட்டி உரிமம் கிடைக்காது. அதற்குப் பயிற்சி வேறு, உரிமத்தை வழங்குவது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. வழிகாட்டி ஆவதுதான் ஆசை என்றால் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிடலாம்.

3. பட்டத்தில் யாருடைய பெயர் இருக்கும்

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறையின் கீழ் சுற்றுலாப் பொருளியலும் ஹோட்டல் முகாமைத்துவமும் சேர்ந்த பட்டப்பின் படிப்பு உண்டு. பெயரிலேயே பொருளியல் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கேள்விக் கோடு, நிரம்பல் கோடு (வாங்குவோர் பக்கத்தையும் விற்போர் பக்கத்தையும் காட்டும் வரைகோடுகள்) என்றால் நடுங்குபவர் அதற்குத் தயாராகப் போக வேண்டும். வணிக நிர்வாக முதுமாணியில் சுற்றுலாவை ஒரு பிரிவாக எடுப்பவர்களுக்குக் கணக்கியலும் மனிதவளமும் கூடுதலாக வரும். ஆகவே பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் பாடப் பட்டியலை வாங்கி, அதில் எத்தனை பாடம் உங்கள் கேள்விக்கு உதவும் என்று எண்ணிப் பாருங்கள்.

காலி வீதி நெடுகிலும் தனியார் நிறுவனங்கள் உண்டு. சில உள்நாட்டில் பட்டம் வழங்க அனுமதி பெற்றவை. சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தை இங்கே நடத்துபவை. கேட்க வேண்டியது ஒன்றே: "பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்?" பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெயரை வைத்து வார்ட் பிளேசிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் அங்கீகாரத்தை விசாரியுங்கள். நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். அரச வேலையில் இருப்பவருக்கு இது மிக முக்கியம். பதவி உயர்வுக் கோவையில் அங்கீகாரக் கேள்வி வரும்போது பட்டம் எடுத்து மூன்று வருடம் ஆகியிருக்கும்.

4. ஆவணங்கள்: பெயர்தான் முதல் எதிரி

பட்டச் சான்றிதழ், பெறுபேற்று அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வேலைக் கடிதம், இரண்டு பரிந்துரையாளர்கள். பட்டியல் சிறியதுதான். நமக்குச் சிக்கல் வருவது பெயரில்.

பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு பெயர். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால். பட்டத்தில் முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்து ஒன்று கூட. நான்கையும் மேசையில் அருகருகே வைத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வையுங்கள். தமிழ்ப் பிறப்புச் சான்றிதழை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றும்போது, பட்டச் சான்றிதழில் உள்ள அதே ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அவர் தனக்குச் சரியென்று படும் விதத்தில் எழுதுவார். அது ஐந்தாவது பெயர்.

பெறுபேற்று அறிக்கையை உங்கள் பழைய பல்கலைக்கழகப் பதிவாளர் முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்ப வேண்டுமென்று கேட்பது வழக்கம். யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ படித்தவர் விண்ணப்ப அறிவித்தலுக்காகக் காத்திராமல் இதற்கு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். முடிவுத் திகதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இரவு பஸ் ஏறிப் போனவர்களின் கதை பல உண்டு. எல்லாம் நல்லபடி முடிந்ததென்று சொல்ல முடியாது.

பரிந்துரையாளரில் ஒருவராவது உங்களுக்குப் படிப்பித்தவராக இருக்கட்டும். இரண்டு பேரும் ஹோட்டல் முகாமையாளர்கள் என்றால், நீங்கள் நன்றாக வேலை செய்வீர்கள் என்று தெரியும். எழுதுவீர்களா என்று தெரியாது.

5. மணித்தியாலக் கணக்கும் ரோஸ்டரும்

தகைமைச் சட்டகத்தின்படி பாடநெறியில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல், ஆய்வில் குறைந்தது 100. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து. 15 கிரெடிட் ஆய்வோடு 60 கிரெடிட் என்றால் குறைந்தது 3,750 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் முடிக்க வாரத்துக்கு ஏறத்தாழ 36. சனி, ஞாயிறு வகுப்பு மட்டும்தானே என்று நினைத்துப் பதிபவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்வதில்லை.

வகுப்பு வார இறுதியில். ஹோட்டலுக்கு வேலை கூடுவதும் வார இறுதியில்தான், கல்யாணங்கள் எல்லாம் அன்றைக்கே. பதிவு செய்வதற்கு முன் ரோஸ்டர் (வேலைமுறைப் பட்டியல்) போடுபவரிடம் பேசி, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் டிசம்பரில் மாட்டிக்கொள்வீர்கள். தென்மேற்குக் கரையில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை உல்லாசப் பயணிகள் காலம். அப்போது யாருக்கும் லீவு கிடைக்காது. ஒப்படைத் திகதிகளுக்கு அது தெரியாது.

நான் பரீட்சை வாரத்தில் இரவு ஷிப்ட் கேட்டு வாங்கினேன். இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் லொபியில் குளிரூட்டியின் சத்தம் மட்டும்தான் கேட்கும். என் பொருளியல் முழுவதையும் சாவிப் பலகைக்குக் கீழே கொப்பியை வைத்துத்தான் படித்தேன். இதை எல்லாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், காலையில் வகுப்பில் தூங்கிவிழுந்தேன்.

6. முதல் அரையாண்டு: ஆங்கிலமும் வரைவிலக்கணமும்

தமிழ் மொழி மூலம் பட்டம் எடுத்தவருக்கு முதல் ஆறு வாரம் கடினம். விரிவுரை முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதி எடுக்க முயன்று தோற்பதைவிட, சொற்கொப்பி ஒன்று வையுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் அதன் பொருள் தமிழில், உங்கள் வேலையிடத்து உதாரணத்தோடு. ஒவ்வொரு பாடத்துக்கும் நாற்பது, ஐம்பது சொற்களுக்கு மேல் வராது. அவைதான் திரும்பத் திரும்ப வரும்.

வரைவிலக்கணங்களை அசட்டை செய்யாதீர்கள். சுற்றுலாப் பயணி என்பவர், தன் வழமையான வாழ்சூழலுக்கு வெளியே ஒரு வருடத்துக்குக் குறைந்த காலத்துக்குப் போய், குறைந்தது ஓர் இரவாவது தங்குபவர். போன இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் இதில் சேரமாட்டார். இரவு தங்காதவர் நாள் வருகையாளர். இதில் தேசிய இனமோ தோல் நிறமோ வரவில்லை. கனடாவில் குடியிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து சித்தி வீட்டில் மூன்று வாரம் நிற்பவரும் சுற்றுலாப் பயணிதான், ஹோட்டலுக்கு ஒரு ரூபா கொடுக்காவிட்டாலும். இதை வகுப்பில் சொன்னபோது பலர் சிரித்தார்கள். நம் சித்திமாரின் சமையலறைச் செலவு எந்தக் கணக்கில் வருகிறது என்பது நல்ல ஆய்வுக் கேள்வி.

7. எண்களை வாசிக்கப் பழகுங்கள்

ஆய்வேடுகள் பெரும்பாலும் வருகை எண்ணிக்கையோடு தொடங்கும். அங்கேயே முதல் பிழையும் வரும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கில் 2018இல் வந்தவர்கள் 2,333,796. 2021இல் 194,495. 2022இல் 719,978.

2022இன் வளர்ச்சியைக் கணக்கிடுங்கள்: ஏறத்தாழ 270 சதவீதம். பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்ற வருடம், மின்வெட்டு வருடம், அரகலய என்ற மக்கள் போராட்டத்தின் வருடம். அந்த வருடத்தில் சுற்றுலா மூன்று மடங்குக்கு மேல் செழித்ததென்று ஒருவர் ஆய்வு முன்மொழிவில் எழுதி, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நேரில் பார்த்தேன். அடிப்படை வருடமான 2021 கொரோனாவால் அடிபட்ட வருடம். சிறிய எண்ணால் வகுத்தால் பெரிய சதவீதம் வரத்தான் செய்யும்.

எனவே இரண்டு ஒப்பீடுகளைச் சேர்த்தே எழுதுங்கள்: முந்திய வருடத்தோடு ஒன்று, 2018ஓடு ஒன்று. 2023இல் வந்தவர்கள் 1,487,303. முந்திய வருடத்தோடு பார்த்தால் இரட்டிப்புக்கு மேல்; 2018ஓடு பார்த்தால் 36 சதவீதம் குறைவு. 2024இல் 2,053,465 ஆகியும் 2018ஐ எட்டவில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள், தொற்று, பொருளாதார நெருக்கடி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்ததால், எந்த வீழ்ச்சி எதனால் என்று பிரித்துச் சொல்லும்போது நிதானம் தேவை.

இன்னொரு சிறு விடயம்: அது வருகைகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கையாக எடுக்க வேண்டாம். ஒரே வருடத்தில் இரண்டு முறை வந்தவர் இரண்டு தரம் எண்ணப்படுவார்.

8. அனுமதிக் கடிதம்: முன்மொழிவுக்கு முந்தைய வேலை

நான் சறுக்கிய இடம் இதுதான். ஒரு பெரிய ஹோட்டலின் விருந்தினர் முறைப்பாட்டுப் பதிவுகளை ஆராய்வதாக முன்மொழிவு எழுதி, அது ஏற்கப்பட்ட பிறகே அனுமதி கேட்டேன். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலோடு மூன்று மாதம் போனது. நாலாம் மாதம் வாயால் "இல்லை" என்றார்கள். தலைப்பை மாற்றி, முன்மொழிவை மீண்டும் எழுதி, ஒரு அரையாண்டு வீணானது. தங்கள் முறைப்பாடுகளை வெளியாள் வாசிக்க எந்த ஹோட்டல் விடும்? அந்த நேரம் எனக்கு அது உறைக்கவில்லை.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் தரவு வைத்திருப்பவரோடு வாய்ப்பேச்சு, பிறகு அவர் ஒத்துக்கொண்டதன் எழுத்து, பிறகு முன்மொழிவு. துறைத் தலைவரின் கடிதத்தில் மூன்று விடயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: என்ன தரவு, எந்தக் காலத்துக்கு, நிறுவனத்தின் பெயர் வெளிவராது என்ற உறுதி. முறைப்பாட்டுக்குப் பதிலாகத் தங்கிய இரவுகளின் எண்ணிக்கையைக் கேட்டால் கதவு திறக்கும் வாய்ப்பு அதிகம்.

கடிதத்தை எங்கே கொடுப்பது என்பதிலும் பிழை வருகிறது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் வேலைகள் பிரிந்திருக்கின்றன. பதிவு, உரிமம், புள்ளிவிபரம் என்றால் அபிவிருத்தி அதிகார சபை. வெளிநாட்டு விளம்பரம் என்றால் ஊக்குவிப்புப் பணியகம். மாநாடு, கண்காட்சி என்றால் மாநாட்டுப் பணியகம். பயிற்சி என்றால் நான் மேலே சொன்ன நிறுவகம். விளம்பரச் செலவைப் பற்றிய கடிதத்தைப் புள்ளிவிபரப் பிரிவில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பதில் வராது.

யால, வில்பத்து போன்ற பூங்காக்களுக்குள் ஆய்வு செய்வதென்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நுழைவுச்சீட்டு எடுத்து உள்ளே போய் வினாக்கொத்து நீட்ட முடியாது. வேலையோடு படிப்பவருக்கு நான் சொல்வது: கொழும்புக்குள்ளேயே ஒரு களத்தைத் தேடுங்கள். பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்.

9. வினாக்கொத்தும் களமும்

முதல் வினாக்கொத்தை எல்லாரும் நீளமாகத்தான் எழுதுவோம். எனது 11 பக்கம். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலுக்கு முன்னால் நின்று முதல் நாள் கொடுத்தேன். ஓட்டோவில் நகர் சுற்ற வந்த தம்பதி, மனைவி படம் எடுக்க, கணவர் இரண்டாம் பக்கம் வரை டிக் போட்டார். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். தாளை என் கையில் மடித்துத் தந்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று மாலைக்குள் நிரம்பியது மூன்று. அடுத்த வாரம் இரண்டு பக்கமாகச் சுருக்கினேன்.

பிழையான கேள்விக்கு ஓர் உதாரணம்: "சேவை தரமானதாகவும் மலிவானதாகவும் இருந்ததா?" தரமானது, ஆனால் விலை கூட என்று நினைப்பவர் எந்தப் பெட்டியில் டிக் போடுவார்? ஒரு கேள்வியில் ஒரு விடயம்தான். "உம்", "அல்லது" வரும் கேள்விகளை எல்லாம் வட்டமிட்டு, இரண்டாக உடையுங்கள்.

நேரத்தைப் பாருங்கள். காலிமுகத்திடலில் மாலை ஐந்தரைக்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் பட்டம் விட வந்த நம்மூர்க் குடும்பங்கள். வெளிநாட்டவரை ஆறுதலாகப் பிடிக்க, கோட்டையில் பழைய டச்சு வைத்தியசாலை முற்றத்தில் அவர்கள் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடம் நல்லது. கடைக்காரரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர்? ஆய்வேட்டுக்கு ஆய்வேடு 384 என்று எழுதியிருப்பார்கள். 95 சதவீத நம்பகம், 5 சதவீத வழு, பெரிய குடித்தொகை என்று வைத்துச் சூத்திரத்தில் போட்டால் வரும் எண் அது. ஆனால் எழுந்தமானமாக, அதாவது எல்லாருக்கும் சம வாய்ப்பு வரும்படி, தெரிவுசெய்த மாதிரிக்குத்தான் அந்தக் கணக்குச் செல்லும். வீதியில் அகப்பட்டவரைக் கேட்டுவிட்டு 384 என்று எழுதுவது, தராசு இல்லாமல் கிராம் கணக்குச் சொல்வது மாதிரி. கைக்கு எட்டியவர்களையே மாதிரியாக எடுத்தேன், முடிவு இவர்களுக்கே பொருந்தும் என்று நேரே எழுதுங்கள். அப்படி எழுதியவரை யாரும் மடக்க முடியாது. அல்லது 15, 20 பேரை ஆழமாக நேர்காணுங்கள். புலம்பெயர் குடும்பங்களைப் பற்றிய கேள்விக்கு அதுவே பொருத்தம். அம்மம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டே சொல்லும் காரணம் டிக் பெட்டிக்குள் அடங்காது.

தமிழில் நேர்காணல் எடுத்தால், தமிழிலேயே எழுத்தாக்கி, தேவையான மேற்கோள்களை மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கேட்கும்போதே ஆங்கிலத்தில் குறிப்பெடுத்தால் பாதி அர்த்தம் வழியிலேயே சிந்திப்போகும்.

10. எழுதுவதும் கொடுப்பதும்

முதல் அத்தியாயத்திலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். ஆய்வுமுறை அத்தியாயத்தை, களத்தில் நிற்கும் காலத்திலேயே எழுதுங்கள். எந்த நாள், எந்த இடம், எத்தனை பேர் மறுத்தார்கள் என்பது ஆறு மாதம் கழித்து நினைவில் இருக்காது. அடுத்து முடிவுகள். அறிமுகம் கடைசி.

வாசித்த ஒவ்வொரு கட்டுரையின் விபரத்தையும் வாசித்த அன்றே பதியுங்கள். எழுத்துத் திருட்டைப் பரிசோதிக்கும் மென்பொருளில் சிவப்பு விழுவது பெரும்பாலும் களவால் அல்ல, எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறந்ததால்தான். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள பொது நூலகமும் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கின்றன. போர்டிங் அறையில் மின்விசிறிக்குக் கீழே எழுதி முடித்தவர்களும் உண்டு.

மேற்பார்வையாளருக்கு முழு ஆய்வேட்டையும் ஒரேயடியாக அனுப்பாமல், பத்துப் பன்னிரண்டு பக்கமாக, திகதி குறிப்பிட்டு அனுப்புங்கள். அவர் ஒரு வாரம் பதில் போடாவிட்டால் மரியாதையாக நினைவூட்டுங்கள். சேரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நாலு மாதம் பேசாமல் இருப்பது நம்மவர்களின் பழக்கம். அவர் நீங்கள் படிப்பை விட்டுவிட்டீர்கள் என்று நினைத்திருப்பார்.

வாய்மொழிப் பரீட்சைக்குப் பிறகு திருத்தங்கள் வரும். அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிய வாரத்திலேயே முடியுங்கள். திருத்தியது எது, எந்தப் பக்கத்தில் என்று ஒரு தாளில் எழுதி மேலே வைத்துக் கொடுங்கள். தடித்த அட்டை போட்டுக் கட்டக் கொடுக்கும் முன், முதுகில் பொன்னெழுத்தில் வரும் பெயரைப் பட்டச் சான்றிதழோடு இன்னொரு தரம் ஒப்பிட்டுப் பாருங்கள். என்னுடையதில் ஒரு எழுத்துக் குறைந்து, மூன்று பிரதியும் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.